மிடி மாற்று மென்பொருளின் திரை: எது அளவீடு, எது ஊகம், எது கட்டளை

கூத்துக் களரியில் கைத்தொலைபேசியால் பதிந்த ஒரு பாட்டை, மின்னிசைக் கருவிகள் வாசிக்கும் கட்டளைகளாலான மிடிக் கோப்பாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் இசை படிக்கும் மாணவர்கள், திருமண வீடுகளிலும் ஆலய விழாக்களிலும் கீபோர்ட் வாசிப்போர், கண்ணகி அம்மன் சடங்கின் குளிர்த்திப் பாடல்களையும் கோலாட்டத்துக்குரிய வசந்தன் பாடல்களையும் சேகரிப்போர் ஆகியோருக்கு இவை கைகொடுக்கக் கூடியவை. ஆனால் பதிவைக் கொடுத்த சில நொடிகளில் திரையில் விரியும் வண்ணக் கோடுகளையும் பட்டைகளையும் எண்களையும் எப்படிப் படிப்பது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. மாற்றிய கோப்பை ஒலிக்கவிட்டால் பாட்டின் சாயல் இருக்கிறது, பாட்டு இல்லை. உடனே இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறோம்: மென்பொருள் உதவாது, அல்லது பாடியவர் சுருதி விலகிப் பாடியிருக்கிறார். இரண்டாவது முடிவு முதலாவதைவிடத் தீங்கானது. ஐம்பது ஆண்டு களரி கண்ட, கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரின் தொண்டையை, திரையிலுள்ள பன்னிரண்டு கோடுகளைக் கொண்டு எடைபோடுவது நியாயமாகாது. அந்தக் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்பதை அடியிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிடி என்பது என்ன

மிடிக் கோப்பினுள் ஒலி இல்லை. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றின் சொல்லை மற்றொன்று விளங்கிக்கொள்வதற்காக 1983ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஒரு பொதுமொழி அது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், யப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ ககேஹாஷியும் அதன் முன்னோடிகள். 2013இல் இருவருக்கும் சேர்த்தே தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

இந்த மொழியில் செல்வன எல்லாம் கட்டளைகளே. இந்தச் சுரத்தைத் தொடங்கு, இவ்வளவு விசையுடன் தொடங்கு, இப்போது நிறுத்து. சுரத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். விசைக்கும் 127 வரை ஓர் எண். யார் வாசிப்பது என்பதைப் பிரித்துக் காட்டப் 16 சனல்கள். நம்மிடமுள்ள ஒன்றோடு ஒப்பிடுவதானால் கூத்துக் கொப்பியைச் சொல்லலாம். கொப்பியில் பாடல் வரியும் தாளக்கட்டுச் சொல்லும் எழுதப்பட்டிருக்கும். அதைத் திறந்தவுடன் மத்தளம் முழங்குவதில்லை, பாடவும் அடிக்கவும் தெரிந்தவர் கைக்கு வந்த பின்னரே அது கூத்தாகிறது. மிடிக் கோப்பும் ஒரு கருவியின் கைக்குப் போன பின்னரே ஒலியாகிறது.

எந்தத் திசையில் மாற்றுகிறோம்

‘மிடி மாற்று’ என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. மிடியை ஒலியாக்குவது எளிது. அங்கே ஊகிக்க எதுவுமில்லை, திரையில் வேலை எவ்வளவு முடிந்தது என்ற பட்டை மட்டும் நகரும். மிடியை ஐங்கோட்டு இசைக்குறியீடாக்கும்போது காலத்தைச் சற்று முழுமைப்படுத்த வேண்டியிருக்கும். ஒலியை மிடியாக்குவதுதான் கடினமானது. பல குரல்களும் கருவிகளும் ஒன்றாகக் கலந்த ஓர் அலையிலிருந்து, எந்தச் சுரம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை மென்பொருள் ஊகிக்க வேண்டும். மெலோடைன், ஏபிள்டன் லைவ், ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2022இல் வெளியிட்ட பேசிக் பிச் ஆகியவற்றின் திரைகள் தோற்றத்தில் வேறுபட்டாலும் அடியில் நடக்கும் வேலை இதுவே. இனிச் சொல்லப்படுபவை இந்த மூன்றாவது வகையைப் பற்றியவை.

ஒரே பிரகாசம், மூன்று பொருள்

திரையில் பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கும். சில மென்பொருள்கள் மூன்றையும் காட்டும்; சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும்; சில கடைசியை மட்டும் காட்டும்.

1. ஒலிநிறமாலைப் படம். இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாக மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது. ஒரு புள்ளி பிரகாசமாக இருந்தால் அந்தக் கணத்தில் அந்த மீடிறனில் ஒலியாற்றல் கூடுதல் என்று பொருள். இது அளவீடு.

2. வாய்ப்புப் படம். அச்சுகள் அவையே, ஆனால் மேல்நோக்கிச் செல்வது சுரங்களின் வரிசை. இங்கே பிரகாசம் என்பது, இந்த இடத்தில் இந்தச் சுரம் இருக்கிறது என்று மென்பொருள் எவ்வளவு உறுதியாக நம்புகிறது என்பதைக் காட்டுவது. 0 முதல் 1 வரையான எண்ணாகவும் சில திரைகளில் இது வரும். இது ஊகம்.

3. பியானோ ரோல். இடப்புறத்தில் நிமிர்த்தி வைத்த பியானோக் கட்டைகள், அவற்றுக்கு நேரே நீண்ட பட்டைகள். பட்டையின் உயரம் சுரம், நீளம் கால அளவு, நிறம் பெரும்பாலும் விசை. கோப்பாகச் சேமிக்கப்படுவது இதுவே. இது கட்டளை.

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. முதலாவது அடுக்கில் பிரகாசம் ஒலியின் வலிமை. இரண்டாவதில் நம்பிக்கையின் அளவு. மூன்றாவதில் வாசிக்க வேண்டிய விசை. மூன்றையும் ஒன்றெனப் படிக்கும்போது, மென்பொருள் உறுதியில்லாமல் மங்கலாகக் காட்டிய ஒரு சுரத்தை, பாடியவர் தளர்வாகப் பாடிய சுரம் என்று எண்ணிவிடுகிறோம். ஆகவே எந்தத் திரையைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நான் இப்போது பார்ப்பது எந்த அடுக்கு என்பதே.

ஒரு வரியை அருகில் வைத்துப் பார்த்தல்

ஒரு கட்டைச் சுருதியில், அதாவது பியானோவின் ‘சி’யையே ‘ச’வாகக் கொண்டு, ஆண் குரல் ஒன்று நீட்டிய ‘ச’வில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மத்தளமும் சல்லரி எனும் கைத்தாளமும் பலர் சேர்ந்து பாடும் பிற்பாட்டும் இருக்கின்றன. பதிவு, களரியின் ஓரத்தில் நின்றவரின் கைத்தொலைபேசியில்.

நிறமாலையில் அந்த ஒரே ‘ச’ ஒரு கோடாகத் தெரியாது; ஏணிப்படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கிடைக்கோடுகள் தெரியும். அடிக்கோடு ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ், அதன்மேல் 262, 392, 523, 654 எனத் தொடரும். உயர்தரப் பௌதிகவியலில் மேற்றொனி என்று படிப்பது இதைத்தான்: அதிரும் எந்தக் குரலும் தன் அடிப்படை மீடிறனின் இருமடங்கு, மும்மடங்குகளையும் தன்னோடு எழுப்பும். இவற்றை மிடி எண்களாக்கினால் 48, 60, 67, 72, 76. ஒரு கட்டைச் சுருதிக்கு 67 என்பது ‘ப’; 76 என்பது அந்தர ‘க’. பாடப்பட்டது ‘ச’ மட்டுமே, ஆனால் திரையில் ச, ப, க மூன்றும் ஒளிர்கின்றன. சுருதி சேர்ந்த தம்புராவில் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்பதன் காரணமும் இதுவே. அடிக்கோடு எது, அதன் நிழல்கள் எவை என்பதை மென்பொருள் தீர்மானிக்க வேண்டும். தவறினால் பாடாத ‘ப’வும் ‘க’வும் பியானோ ரோலில் மெல்லிய பட்டைகளாக வந்து உட்கார்ந்துவிடும்.

கைத்தொலைபேசியின் சிறு ஒலிவாங்கி தாழ்ந்த மீடிறன்களைச் சரிவரப் பிடிக்காவிட்டால் 131இல் உள்ள கோடு மங்கி 262இல் உள்ளது ஓங்கித் தெரியும். அப்போது மென்பொருள் 48ஐ விட்டு 60ஐ எழுதிவிடும். முழு வரியும் ஒரு தாயி, அதாவது கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரையான தூரம், மேலே போய்விட்டால் கேட்பவருக்கு எளிதில் தெரிந்துவிடும். ஆனால் வரியின் நடுவில் இரண்டு சுரங்கள் மட்டும் மேலே தாவிக் கீழே திரும்பினால், பாடியவர் சங்கதி போட்டார் என்றே தோன்றும். பட்டை சரியாகப் பன்னிரண்டு படிகள் தாவியிருந்தால் அதைச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும்.

சல்லரி இதற்கு நேர்மாறு. அதன் ஒலி எல்லா மீடிறன்களிலும் ஒரே கணத்தில் சிதறுவதால், படத்தின் அடியிலிருந்து உச்சிவரை நிமிர்ந்த கோடாகத் தெரியும். சதங்கையும் அவ்வாறே, ஆனால் நுண்மணிகளாக, படத்தின் மேற்பாதியில். மத்தளத்தின் அடி அடிப்பகுதியில் தடித்த குறும்புள்ளியாக விழுந்து சற்று வால்விடும். மென்பொருள் அதையும் ஒரு தாழ்ந்த சுரம் என்று கருதிக் குட்டைப் பட்டையாக எழுதும். கோப்பை ஒலிக்கவிடும்போது குரலுக்கு அடியில் பியானோவின் தாழ்ந்த கட்டைகளை எவரோ குத்துவதுபோல் கேட்பது இந்தப் பட்டைகளால்தான். பிற்பாட்டில் பலர் ஒரே சுரத்தைச் சிறிது முன்பின்னாகப் பிடிப்பதால் கோடுகள் தடித்து விளிம்பு கலங்கும், ஒரே சுரம் இரண்டு மூன்று துண்டுகளாக உடையும். அம்பாறைக் கரையோரத்தில் றபான் எனும் தோற்கருவியோடு பாடும் பாடல்களிலும், தோலடியும் கூட்டுக்குரலும் சேர்ந்து ஒலிப்பதால் இதையே எதிர்பார்க்கலாம்.

பன்னிரண்டு கட்டங்களும் அவற்றுக்குள் அடங்காத சுருதியும்

பியானோ ரோலின் கட்டம், ஒரு தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியது. ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட் என்று எண்ணுவர். இந்த வெட்டு பியானோவுக்காகவும் கீபோர்டுக்காகவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு சமரசம். குரல் அதற்குக் கட்டுப்பட்டதன்று.

அந்தர காந்தாரத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ச’வோடு இயல்பாக இணங்கி நிற்கும் காந்தாரத்தின் மீடிறன், ‘ச’வின் ஒன்றேகால் மடங்கு. சென்ட் கணக்கில் அது 386. கட்டத்தின் கோடோ 400இல் இருக்கிறது. தம்புராவுக்கு ஒத்துப் பாடுகிற ஒருவரின் காந்தாரம் திரையில் 14 சென்ட் கீழே இறங்கித் தெரியும். சில மென்பொருள்கள் அதைச் சிவப்பில்கூடக் காட்டும். அந்தச் சிவப்புக்கு, பியானோவின் கோட்டிலிருந்து விலகல் என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லை. பிழை என்று அதைப் படிப்பவர், இணக்கமான சுரத்தைத் திருத்தி இணக்கம் குறைந்த சுரமாக்கி வைக்கிறார்.

இதை நன்கு உணர வேண்டியவர்கள் நாம். அம்பாறையின் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் இசையின் சுரங்களை 22 அலகுகளாக வைத்து ஆராய்ந்தார். அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவருடைய பெயரிலேயே கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. ஒரு தாயிக்குள் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நிலைகள் உண்டு என்று கணக்கிட்டுச் சொன்னவர் பிறந்த மண்ணில், பன்னிரண்டு கோடுகளை மட்டும் கொண்டு குரலை அளக்கக் கூடாது.

கமகம் வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அசைந்து வரும் ஒரு சுரத்தைக் கட்டம் இரண்டாக மூன்றாக உடைத்து, ஒன்றை ஒன்று துரத்தும் குட்டைப் பட்டைகளாகக் காட்டும். சில மென்பொருள்கள் பட்டையை உடைக்காமல் அதன்மேல் ஒரு வளைகோட்டை வரையும். அது சுருதி வளைவு எனப்படும் கட்டளை. அதன் எண்கள் 0 முதல் 16,383 வரை. 8,192 என்பது வளைவில்லாத நடுநிலை. வழக்கமான எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள். அந்தக் கணக்கில் 14 சென்ட் இறக்கம் என்பது ஏறத்தாழ 7,619. சில திரைகள் அதையே கழித்தல் 573 என்று காட்டும். வாசிக்கும் கருவியில் எல்லை பன்னிரண்டு அரைச்சுரம் என்று வைக்கப்பட்டிருந்தால், அதே எண் ஆறு மடங்கு இறக்கத்தைக் கொடுக்கும். கமகம் கோணலாக ஒலிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த எல்லை. மேலும், வளைவு ஒரு சனல் முழுவதற்கும் பொதுவானது. ஒரே சனலில் குரலும் வயலினும் இருந்தால் குரல் வளையும்போது வயலினும் கூடவே வளையும். சுரத்துக்கு ஒரு சனல் என்று பிரித்துக் கொடுக்கும் முறை 2018இல் மிடித் தரத்தோடு சேர்க்கப்பட்டது. இரு முனைகளும் அதை ஏற்கும் வசதியுடையனவாக இருந்தால் மட்டுமே பயன்.

பெயர்களும் எண்களும்

மிடி எண் 60ஐச் சில மென்பொருள்கள் சி4 என்றும், சில சி3 என்றும், எஃப்.எல். ஸ்டூடியோ சி5 என்றும் எழுதுகின்றன. சுரம் மாறவில்லை, பெயரிடும் வழக்கம்தான் வேறு. இரண்டு பேர் ஒரே கோப்பைப் பற்றிப் பேசும்போது எண்ணைச் சொல்லிக்கொள்வது நல்லது. கருவிகளின் பட்டியலிலும் இதுபோன்ற ஒன்று உண்டு: 1991இல் வந்த பொதுப் பட்டியலில் 128 கருவிகள்; கோப்பினுள் அவை 0 முதல் 127 வரை, திரையில் பெரும்பாலும் 1 முதல் 128 வரை. சித்தார் திரையில் 105 என்றால் கோப்பில் 104. இந்தப் பட்டியலில் மத்தளமும் இல்லை, நாதசுரமும் இல்லை. பத்தாவது சனல் தாளத்துக்கு ஒதுக்கப்பட்டது, ஆனால் அங்கேயுள்ளவை மேலைநாட்டு ட்ரம்ஸ் தொகுதியின் ஒலிகள்.

காலக் கோடுகள் எதற்கு உரியவை

பியானோ ரோலில் செங்குத்தாக நிற்கும் கோடுகளைப் பாட்டின் தாளம் என்று நம்புவது மிகப் பரவலான தவறு. வேகம் எதுவும் குறிப்பிடப்படாத மிடிக் கோப்பு நிமிடத்துக்கு 120 அடி என்றே கொள்ளப்படும். அப்போது கோட்டுக்குக் கோடு அரைச் செக்கன். பாட்டின் நடை நிமிடத்துக்கு 92 அடியானால் அதன் அடிக்கும் அடிக்கும் இடையே 0.65 செக்கன். இரண்டும் எங்கேயோ சந்திக்கும், பிறகு பிரியும்.

நகரும் கம்பியின் நிலையைச் சில திரைகள் 3:2:240 என்பதுபோல் மூன்று எண்களாகக் காட்டும். மூன்றாவது ஆவர்த்தம், இரண்டாவது அடி, அந்த அடிக்குள் 240ஆவது நுண்பங்கு என்று அதைப் படிக்க வேண்டும். ஓர் அடி 480 நுண்பங்குகளாகவும், ஆவர்த்தத்துக்கு நான்கு அடிகளாகவும் வைத்தால், தொடக்கத்திலிருந்து ஒன்பதரை அடி கடந்திருக்கிறது. 120 வேகத்தில் 4.75 செக்கன்.

இதைப் புரிந்துகொள்ளாமல் குவாண்டைஸ் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு பட்டையும் தனக்கு அருகிலுள்ள கோட்டுக்கு இழுக்கப்படும். கோடுகளே பாட்டுக்குரியவையாக இல்லாதபோது அது தாளத்தைச் சிதைப்பதாகவே முடியும். ஆட்டம் சூடேறச் சூடேற முடுகிச் செல்லும் கூத்துத் தாளத்துக்கு ஒரே வேகம் என்பதே பொருந்தாது. மத்தள அடிகளைக் கேட்டு, அவற்றுக்கேற்ப வேகத்தை இடத்துக்கிடம் குறித்த பின்னரே அந்தப் பொத்தானைப் பற்றி யோசிக்கலாம்.

அளவைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள்

மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டியே அளக்கிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் 2,048 மாதிரிகள் கொண்ட துண்டு 46 மில்லிசெக்கன் நீளமானது. அது மீடிறன்களை 21.5 ஹேர்ட்ஸ் இடைவெளியில்தான் பிரித்துக் காட்டும். மேலே கண்ட ‘ச’வுக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் உள்ள இடைவெளி எட்டு ஹேர்ட்ஸுக்கும் குறைவு. துண்டை 8,192 ஆக்கினால் இடைவெளி 5.4 ஹேர்ட்ஸாகி இரண்டும் பிரியத் தொடங்கும், ஆனால் துண்டின் நீளம் 186 மில்லிசெக்கனாகி அடுத்தடுத்த மத்தள அடிகள் ஒன்றாகக் கலந்துவிடும். சுரத்தைத் தெளிவாகக் கேட்டால் காலம் மங்கும், காலத்தைத் தெளிவாகக் கேட்டால் சுரம் மங்கும். இது எந்த மென்பொருளின் குறையுமன்று, அலையின் இயல்பு. ஆகவே ஒரே பதிவை இருமுறை, ஒருமுறை குரலுக்காகவும் ஒருமுறை அடிக்காகவும், வேறுவேறு அமைப்பில் மாற்றுவதே நல்ல வழி.

மற்றப் பொத்தான்களை இந்த வரிசையில் தொடுவது வேலையைக் குறைக்கும்:

1. சுர எல்லை. பாடுபவரின் குரல் மிடி எண் 45க்கும் 69க்கும் இடையில் என்றால் அந்த எல்லையை இடுக. மேற்றொனி நிழல்களில் பலவும் மத்தளப் பட்டைகளில் சிலவும் இதனாலேயே மறையும்.

2. நம்பிக்கை வரம்பு. கூட்டினால் பொய்ச் சுரங்கள் குறையும், கூடவே மெல்லப் பாடிய உண்மைச் சுரங்களும் போகும். பாட்டின் மிக மெல்லிய இடத்தைக் கேட்டுக்கொண்டே, அந்தச் சுரம் மறையும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும்.

3. மிகக் குறைந்த நீளம். செக்கனுக்கு எட்டுச் சுரம் ஓடும் பிருகாவில் ஒவ்வொன்றும் 125 மில்லிசெக்கன். வரம்பு 150 என்றிருந்தால் பிருகா முழுவதும் காணாமற்போகும்.

விசையின் எண்களைப் பெரிதாக நம்ப வேண்டாம். கைத்தொலைபேசி ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கிச் சமப்படுத்தும்போது, ஓங்கிய குரலும் தணிந்த குரலும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் தெரியும்.

சேகரிப்பாளருக்கு இதனால் வருவது

பாடல்களைக் காப்பாற்றும் வேலையில் இருப்போரைப் பற்றியே எனக்குக் கூடுதல் கவலை. மிடிக் கோப்பில் சொல் இல்லை, குரலின் நாதம் இல்லை, மூச்சு வாங்கிய இடம் இல்லை. சில கிலோபைட்டுக்குள் அடங்குகிறது என்பதற்காக அதை வைத்துக்கொண்டு மூல ஒலிப்பதிவை அழித்தவர், கொப்பியை வைத்துக்கொண்டு கூத்தை இழந்தவராகிறார். மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் வடிவில், திருத்தம் எதுவும் செய்யாமல், இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். பதியும்போதே முடிந்தால் தலைமைப் பாட்டுக்காரரை மட்டும், தம்புராவோ சுருதிப்பெட்டியோ மெல்ல ஒலிக்க, இரண்டாம் முறை தனியே பாடக் கேட்டுப் பதிந்துகொள்வது எந்த மென்பொருளாலும் தர முடியாத தெளிவைத் தரும்.

மாற்றிய கோப்பைத் தனியே ஒலிக்கவிடாமல் மூலப் பதிவோடு சேர்த்து, காதுக்கு ஒன்றாகக் கேட்பது திருத்தத்துக்கு நல்லது. எங்கே பிரிகிறது என்று காது சொன்ன இடத்தில் மட்டும் கண்ணைத் திரைக்குக் கொண்டுபோய், முதலில் நிறமாலையையும் பிறகு பட்டையையும் பார்க்க வேண்டும். ஆய்வேட்டிலோ இணையத்திலோ ஒரு வரியின் சுரக்குறிப்பை வெளியிடுவோர், எந்த மென்பொருள், எந்த வரம்பு, எத்தனை கட்டைச் சுருதி என்பவற்றைச் சேர்த்து எழுதினால் அடுத்தவர் அதைச் சரிபார்க்கலாம். கோப்புகளுக்குப் பெயரிடும்போதே மென்பொருள் தந்ததற்கு ‘ஊகம்’ என்றும், பாடியவரோடு அமர்ந்து கேட்டுத் திருத்தியதற்கு ‘கேட்டுத் திருத்தியது’ என்றும் எழுதி, இரண்டையும் வேறுவேறு கோப்புறைகளில் வைக்க வேண்டும்.